மேசைமேற் பேரரசு

பொம்மைகளை விமரிசிப்பது ஓர் இலக்கியச் சஞ்சிகையின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். கதை, சித்திரம், சிற்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டு, வளர்ந்தவர்களின் ஓய்வு நேரத்தையும் ஊதியத்தில் ஒரு பங்கையும் ஆண்டுக்கணக்காகப் பெற்றுவரும் ஒரு சிருஷ்டியைப் பொம்மை என்று ஒதுக்குதல் எளிது. ஒரு சமுதாயம் எதனைக் கனவு காண்கிறது என அறிய விரும்புவோர் அவ்வாறு ஒதுக்க இயலாது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிலே சிற்றுருவப் படைகளை வார்த்து விற்கும் கேம்ஸ் வேர்க்ஷொப் என்னும் கொம்பனி, 2024 டிசெம்பரில், லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கொம்பனிகளின் வரிசையில் இடம்பெற்றது.

அதன் பிரதான சரக்கு 1987ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வோர்ஹமர் 40,000’ என்னும் மேசைப் போராட்டம். அதன் கற்பனை உலகில் மனிதகுலம் விண்மீன்களெங்கும் பரந்த ஒரு பேரரசின் கீழ் வாழ்கிறது. சக்கரவர்த்தி பதினாயிரம் ஆண்டுகளாகப் பொற்சிம்மாசனத்தில் உயிர்ப்பிணமாக வீற்றிருக்கிறார். நாள்தோறும் மனித உயிர்கள் அவருக்குப் பலியாகின்றன. விஞ்ஞானம் மங்கி, யந்திரங்களுக்குத் தூபமிடும் புரோகிதர் கூட்டம் ஓங்கிவிட்டது. இப்பேரரசின் படைக்கலங்களுள் மிகப் பெரியவை டைட்டன், நைட் எனப்படும் நடக்கும் போர்யந்திரங்கள். டைட்டனைத் தெய்வயந்திரம் என்றே புரோகிதர் வணங்குவர். நைட் யந்திரத்தைப் பிரபு குலத்தவர் செலுத்துவர்.

இவற்றைச் சேர்ப்பவர்கள் பிளாஸ்ரிக் சட்டகத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்து, சீவி, ஒட்டி, நிறந்தீட்டி ஒரு படையை உருவாக்குகின்றனர். தோள் மூட்டுக்குள் சிறு காந்தங்களைப் புதைத்துவைத்தால் ஓர் யந்திரத்துக்கே பல ஆயுதங்களை மாற்றிப் பூட்டலாம். இன்னுமொன்று வாங்கும் செலவு மிஞ்சும். 2014ஆம் ஆண்டில் நைட்டுகளுக்கெனத் தனி விதிநூல் வெளிவந்தது. அன்றுமுதல், காலாள் ஒருவர்கூட இன்றி, நாலைந்து பேருருவங்களை மாத்திரம் கொண்டு படை நடத்துதல் சாத்தியமாயிற்று. வசதி படைத்தோருக்கு அதற்கும் மேலே ஒரு படி உண்டு. 2015இல் விற்பனைக்கு வந்த வோர்லோர்ட் டைட்டன் றெசினில் வார்க்கப்பட்டது. அரை மீற்றருக்கு மேற்பட்ட உயரம், ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட விலை.

இப்பேருருவத்துக்கு ஆங்கில இலக்கியத்தில் ஒரு மூதாதை உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட ‘உலகங்களின் யுத்தம்’ என்னும் நாவலிலே செவ்வாய்க் கிரகத்தார் மூன்று கால் யந்திரங்களில் ஏறி இங்கிலாந்தை அழிக்கின்றனர். தாஸ்மேனியாவின் ஆதிமக்களை ஐரோப்பியர் துடைத்தொழித்த வரலாற்றை வெல்ஸ் முதலாம் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறார். பிறர் மண்ணில் தாம் செய்ததை ஏகாதிபத்தியவாதிகள் தம் மண்ணில் அனுபவிக்குமாறு செய்ததே அந்நாவலின் வலிமை. அதன் கதைசொல்லி தரையில் ஓடி ஒளிபவன், அண்ணாந்து பார்ப்பவன். வாசகனும் அவனருகே நின்று, யந்திரத்தின் கால்களையே முதலிற் காண்கிறான்.

இதே வெல்ஸ், 1913ஆம் ஆண்டில், ‘சின்னஞ்சிறு போர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு விளையாட்டு விதிநூலையும் எழுதினார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, வில்லுச்சுருளால் இயங்கும் பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சிகளை எய்து வீழ்த்தும் ஆட்டம் அது. நடக்கும் யந்திரங்களையும் நிலத்தில் ஊரும் போர்க்கப்பல்களையும் ஏற்கெனவே கற்பனை செய்திருந்த ஆசிரியர், தம் ஆட்டத்தில் அவற்றுக்கு இடந்தரவில்லை. காலாள், குதிரைவீரன், பீரங்கி ஆகியனவே அதில் உண்டு. விழுந்த சிப்பாய் ஒவ்வொருவனையும் எண்ணியாக வேண்டும். இவ்வாட்டத்தைச் சிலமுறை ஆடிப்பார்ப்பவர் உண்மைப் போர் எத்துணை மூடத்தனமானது என உணர்வர் என்று வெல்ஸ் நம்பினார். மறு ஆண்டு உலகயுத்தம் மூண்டது. வெல்ஸின் நம்பிக்கை அப்பாவித்தனமானதே. எனினும், தாம் எதனைப் பொம்மையாக்குகிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

டைட்டன்களின் வரலாறு பிறிதொன்று. 1988இல் ஜேர்விஸ் ஜோன்சன் வடிவமைத்த ‘அடெப்டஸ் டைட்டானிக்கஸ்’ ஆட்டத்தின் பெட்டியில் ஆறு பிளாஸ்ரிக் டைட்டன்கள் இருந்தன. ஆறும் ஓர் அச்சில் வார்த்தவை. உருக்கு அச்சு செய்தல் பெருஞ்செலவு. இரண்டாம் அச்சுக்குப் பணமில்லை. ஆகவே, எதிரெதிர் நிற்கும் இரு படைகளும் ஒரே யந்திரத்தை உடையனவாயிருத்தல் வேண்டும். அதற்குக் காரணம் கற்பிக்கவே பேரரசுக்குள் ஓர் உள்நாட்டுப் போர் புனையப்பட்டது. சக்கரவர்த்தியின் அருமை மைந்தன் ஹோரஸ் தந்தைக்கெதிராகக் கிளர்ந்தெழுந்த கதை அவ்வாறு பிறந்தது. பின்னர் 2006 முதல் 2024 வரை அறுபதுக்கு மேற்பட்ட நூல்களாக அது விரிந்தது. மில்ற்றனின் வீழ்ந்த தேவதூதனை நினைவூட்டும் இப்பெருங்கதையின் மூலம் ஒரு கணக்கேட்டில் இருக்கிறது! பொருளாதார அடித்தளம் கருத்துலகை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதற்கு உதாரணம் தேடும் மாணவருக்கு இதனினும் தெளிவானது கிடைப்பது அரிது. ஆனால், பிறப்பைக் கொண்டே படைப்பின் தரத்தை முடிவுகட்டும் வரட்டு வாதமும் நமக்கு உடன்பாடன்று. செலவைச் சுருக்கப் புனைந்த கதை ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது: இரு தரப்பும் ஒரே ஆயுதசாலையின் சரக்கையே ஏந்தி நிற்கின்றன.

2018இல் வெளிவந்த புதிய பதிப்பில் விதிகளே ஒரு தத்துவத்தைப் பேசுகின்றன. ஒவ்வொரு டைட்டனுக்கும் ஓர் அட்டை உண்டு. உலையின் வெப்பம், கவசத்தின் வலு, தலையும் உடலும் காலும் அடைந்த சேதம் யாவும் அதிற் குறிக்கப்படும். உலையை அளவுக்கு மிஞ்சித் தூண்டினால் யந்திரத்தின் ஆவி விழித்தெழலாம். தளபதி அதனை அடக்கத் தவறினால் யந்திரம் தன் மனம்போனபடி நடக்கும். யந்திரத்துக்கு மனம் இருக்கிறது; உள்ளே உழலும் மனிதர் முகமற்றவர். நைட் கதைகளில் இக்கருத்து இன்னும் கூர்மையாகிறது. செலுத்துபவன் அமரும் ஆசனமே அவன் மூளைக்குள் புகுந்து விசுவாசம், குலப்பெருமை, கடமை முதலாய நிலப்பிரபுத்துவ உணர்ச்சிகளைப் பதிக்கிறது. ஆளும் வர்க்கச் சிந்தனையை ஓர் ஆசனம் உற்பத்தி செய்கிறது என்பது சிறந்த அங்கதம். இதனை எழுதியோர் மூடர் அல்லர்.

ஆயின், அந்த அங்கதம் யாரைச் சென்றடைகிறது? ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு நாஸிச் சின்னங்கள் அணிந்த ஒருவர் வந்ததைத் தொடர்ந்து, 2021 நவம்பரில் கொம்பனி ஓர் அறிக்கை விடுத்தது. பேரரசு அங்கதமாகவே படைக்கப்பட்டது. அதன் வெறுப்பு தங்களுடையதன்று. வெறுப்புச் சின்னங்களோடு தம் நிகழ்ச்சிகளுக்கு வருவோர் வெளியேற்றப்படுவர் என்பது அதன் சாரம். அறிக்கை வரவேற்கத்தக்கதே. ஆனால், அங்கதம் தூரத்திலே உயிர்வாழ்வது. வாசிப்பவன் பிரபுக்களின் மமதையைக் கண்டு சிரிக்கலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய யந்திரத்தின் முழங்காற் கவசத்தில், வாரக்கணக்காக, ஒரு பிரபு குலத்தின் சின்னத்தை மயிரிழைத் தூரிகையால் தீட்டுபவன் எவ்வாறு சிரிப்பான்? அவன் கை பழகிய அளவு அவன் அன்பு அதன்மேற் படிகிறது. கொம்பனி எழுத்தில் இகழ்வதைப் பொருளாக்கி விற்கும்போது அழகு செய்கிறது. விலை அழகுக்கே கொடுக்கப்படுகிறது.

அந்தக் கைவேலையை நாம் இகழவில்லை. தொழிற்சாலையிலும் காரியாலயத்திலும் தன் உழைப்பின் பயனைக் காணாத ஒருவர், இரவில் மேசை விளக்கின் கீழே துருவும் எண்ணெய்க் கறையும் புகைபடிந்த உலோகமும் எவ்வாறிருக்கும் எனக் கூர்ந்தறிந்து தீட்டுவதில் உண்மையான கலையின்பம் உண்டு. அவரது பார்வை நின்றுவிடும் இடமே நம் குறை. யந்திரத்தின் காயங்கள் அத்தனையையும் அவர் தீட்டுகிறார். அதன் காலடியில் கிடப்பது பெரும்பாலும் செங்கல்லும் கம்பியுமே. போரைக் கேள்வியால் மட்டும் அறியாத நம்மவர்க்கு இந்த வெறுமை உடனே கண்ணிற் படும்.

ஆட்டக்காரர்கள் தம் படையைப் புகைப்படம் எடுக்கும்போது கமெராவை மேசையின் மட்டத்துக்குத் தாழ்த்துவர். அப்போதுதான் யந்திரம் வானளாவத் தோன்றும். வெல்ஸின் கதைசொல்லி நின்ற இடம் அதுவே; ஆனால், படம் எடுத்ததும் நிமிர்ந்துவிடுகின்றனர்.

2018இன் டைட்டன் ஆட்டத்தில் காலாட்கள் இல்லை. 2023 டிசெம்பரில், ‘லீஜன்ஸ் இம்பீரியாலிஸ்’ என்னும் வேறோர் ஆட்டமாக, அதே அளவையில் அவர்கள் வந்து சேர்ந்தனர். 1988இன் பதிப்புக்கும் அவ்வாறே, மறு ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆட்டத்திற்றான் காலாட்கள் கிடைத்தனர். இருமுறையும் யந்திரம் முந்தியது, மனிதர் பிந்தினர். புதிய காலாள் ஒரு சென்ரிமீற்றர் உயரமும் இல்லாதவன். ஒரே தட்டில் ஐவரை ஒட்டி, ஐவரையும் ஒன்றாகவே நகர்த்தி, ஒன்றாகவே அகற்றுகின்றனர். அவன் முகத்தில் கண் தீட்ட இடமில்லை.