சின்னத்திரைச் சமையலும் கைகழுவும் நீரும்

அடுக்களை என்பது ஒரு காலத்தில் வீட்டின் பின்கட்டில், விருந்தினர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஆணம் ருசித்ததா இல்லையா என்பதை மட்டுமே விருந்தினர் அறிவர்; ஆக்கியவரின் கையை அவர்கள் கண்டதில்லை. இன்றோ அந்த அடுக்களை கூடத்திற்கே வந்துவிட்டது. தொலைக்காட்சியின் வழியாகவும், அதனினும் சிறிய கைபேசியின் வழியாகவும் உலகத்துச் சமையற்கலைஞர்கள் நம் வீட்டார் முன்னே நின்று மாவு பிசைகிறார்கள், இறைச்சி வெட்டுகிறார்கள், கேக்கின் மீது பூ வேலை செய்கிறார்கள். இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. பார்ப்பவர் கற்றுக்கொள்கிறார், கற்றதை மறுநாளே தம் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறார். எனவே ஒரு நூலை மதிப்பிடுவது போலவே இந்நிகழ்ச்சிகளையும் மதிப்பிட வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் ஜூலியா சைல்டு அம்மையார். 1963-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் ‘தி ஃபிரெஞ்ச் செஃப்’ என்னும் நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். ஒரு நாள் உருளைக்கிழங்கு அடையொன்றை வாணலியில் வீசித் திருப்ப முயன்றபோது, அதில் ஒரு பகுதி வாணலிக்கு வெளியே அடுப்பின் மேற்பரப்பில் விழுந்துவிட்டது. அம்மையார் சற்றும் கலங்காமல் அதை அள்ளி மீண்டும் வாணலியில் இட்டு, அடுக்களையில் தனியே இருக்கையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற பொருள்பட நகைச்சுவையாகப் பேசினார். நடந்தது இவ்வளவே. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, விழுந்தது கோழி என்றனர், வான்கோழி என்றனர், அடுப்பில் அன்று, தரையிலேயே விழுந்தது என்றனர். இஸ்னாத் இல்லாத செய்தி எவ்வாறு ஊதிப் பெருக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

அம்மையாரின் நோக்கம் நல்லதே. தவறிவிடுமோ என்று அஞ்சி அடுப்பருகே நடுங்கும் பெண்களின் அச்சத்தைப் போக்க அவர் விரும்பினார். ஆயினும் மக்கள் நினைவில் நின்றது எது? அவர் கற்பித்த நுணுக்கங்கள் ஒருபுறம் இருக்க, விழுந்ததும் எடுத்ததும் சிரித்ததுமே நின்றன. நிகழ்ச்சி தயாரிப்போர் இப்பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டனர்.

அதன் விளைவை 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று எண்ணிக் காட்டியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகமும் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள், புகழ்பெற்ற 24 சமையற்கலைஞர்களின் 100 நிகழ்ச்சிகளைப் பொறுமையுடன் பார்த்துக் குறித்தனர். அவர்களுள் 23 விழுக்காட்டினர் சமைக்கும்போதே விரலை நக்கினர். 20 விழுக்காட்டினர் தலைமுடியையோ அழுக்கான பொருளையோ தொட்டுவிட்டு அதே கையால் உணவைத் தொட்டனர். கைகழுவாமை, பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே பச்சையாய் உண்ணும் காய்களையும் நறுக்குதல், இறைச்சியின் உள்வெப்பத்தை அளவுகோலால் பாராமை ஆகிய மூன்றும் பரவலாகக் காணப்பட்ட பிழைகள்.

“அவர்கள் கழுவித்தான் இருப்பார்கள், படத்தொகுப்பில் வெட்டியிருப்பார்கள்” என்று சிலர் வாதிடுவர். இருக்கலாம். இருபது நிமிட நிகழ்ச்சியில் வெங்காயம் வதங்கும் நேரமே சுருக்கப்படுகிறது. அடுப்பில் வைத்ததும் முன்னரே வெந்த பண்டம் மேசையின் அடியிலிருந்து வந்துவிடுகிறது. குழாயடியில் நிற்கும் அரை நிமிடத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? ஆனால் நம் குற்றச்சாட்டு அவர்களது கையைப் பற்றியதன்று, காட்சியைப் பற்றியது. கோழியைப் பிசைந்த கை அடுத்த கணமே கொத்தமல்லித் தழையைக் கிள்ளுவதாகத் திரையில் தோன்றுமானால், இடையில் அவர் கழுவியிருந்தாலும் பார்ப்பவர் கற்பது கழுவாமையையே. ஆசிரியர் தம் வீட்டில் இலக்கணத்தோடு பேசிவிட்டு வகுப்பில் பிழையாகப் பேசினால் மாணவன் எதைக் கற்பான்?

நிற்க. இத்தகைய நிகழ்ச்சிகளுள் கண்ணியமானது எது என்று கேட்டால், இங்கிலாந்தில் 2010-இல் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்பதையே நாம் சுட்டுவோம். பசும்புல் வெளியில் கூடாரம் அமைத்து, தொழில்முறை சாராத இல்லத்தார் ரொட்டியும் கேக்கும் சுடும் போட்டி அது. கூச்சலும் வசையும் அதில் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு சுற்றில், எந்தப் பண்டம் யாருடையது என்று நடுவர்கள் அறியாதவாறு வைத்துத் தீர்ப்புப் பெறுகிறார்கள். நீதியின் அழகு அதில் உண்டு. 2015-ஆம் ஆண்டு அப்போட்டியில் வென்றவர் நதியா ஹுசைன். லூட்டன் நகரில் வங்கதேச மரபுப் பெற்றோருக்குப் பிறந்த முஸ்லிம் பெண்மணி, மூன்று குழந்தைகளின் தாய். இறுதிச் சுற்றை ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கண்டனர். முக்காடிட்ட ஒரு பெண்ணின் கைப்பண்டத்தை அந்த நாடே பாராட்டியதைக் கேட்டு நம் இல்லங்களில் மகிழாதார் யார்? மறு ஆண்டு எலிசபெத் அரசியாரின் 90-ஆவது பிறந்தநாளுக்குக் கேக் செய்யும் பொறுப்பும் அவரையே தேடி வந்தது.

அத்தகைய நிகழ்ச்சியிலும் ஒரு கறை உண்டு. நடுவர் பால் ஹாலிவுட் எழுந்து கைகுலுக்குவதே அங்கே உயர்ந்த விருது. கைகுலுக்கல் நல்ல பண்பாடுதான். முஸாஃபஹா செய்யும் நமக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் பண்டத்தைப் பிய்த்து வாயிலிட்ட கை, மாவளைந்த கையைப் பற்றுகிறது. இருவரும் அடுத்து எங்கே போய்க் கழுவினர் என்பதைக் கூடாரம் காட்டுவதில்லை. பச்சை மாவுக்கலவையை விரலால் வழித்து வாயில் வைத்துப் பார்ப்பதும் இத்தகைய நிகழ்ச்சிகள் எங்கும் காணும் வழக்கம். பச்சை முட்டையை அஞ்சுவோரும் மாவை அஞ்சுவதில்லை. 2016-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கோதுமை மாவின் வழியாகவே ஈ.கோலை நோய்க்கிருமி பரவி, ஏராளமான மாவு திரும்பப் பெறப்பட்டது. மாவு அரைக்கப்பட்ட தானியமேயன்றி வெந்த பண்டம் அன்று என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

விரலை நக்குவது சுன்னத் அல்லவா என்று கேட்கும் தோழர்களும் நம்மிடையே உள்ளனர். ஆம், உண்டு முடித்தபின், கையைத் துடைக்குமுன், விரல்களில் எஞ்சியதை வீணாக்காமல் உண்ணுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அது உண்பவன் தன் பங்கை முடிக்கும் ஒழுக்கம். பிறர் பங்கில் தன் எச்சிலைச் சேர்ப்பது அதுவன்று. பாத்திரத்தினுள் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் தடுத்தவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாமே! ஒரு ஹதீஸை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவது கல்வியாகாது.

சுவை பார்க்காமல் சமைப்பது எங்ஙனம் என்றும் கேட்பர். நம் தாய்மார்கள் ரமழான் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்களே, எத்தனை முறை அகப்பையை நாவில் வைத்தார்கள்? தேவை நேர்ந்தால் நாநுனியில் வைத்துப் பார்த்து விழுங்காமல் உமிழ்ந்துவிட ஃபிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. அந்தச் சலுகையைக்கூட நாடாமல், ஆவியின் மணத்தைக் கொண்டே உப்பின் அளவைச் சொல்லும் பெண்மணிகளை நாம் அறிவோம். திரைக் கலைஞரோ ஒரே கரண்டியை வாயிலும் சட்டியிலும் மாறி மாறி இட்டு, கண்ணை மூடித் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்புக்காகவே அந்தச் சுவைபார்ப்பு.

இதெல்லாம் நுண்ணுயிரியல் தோன்றிய பின் வந்த புதுக் கட்டுப்பாடுகள் என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அல்லாமா ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக ‘நிஹாயத்துர் ருத்பா’ என்ற நூலை எழுதினார். ரொட்டிக்கு மாவு பிசைபவனைப் பற்றி அதில் அவர் விதித்திருப்பவற்றைப் பாருங்கள். காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது. அது உணவை இழிவுபடுத்துவதாகும், வியர்வையும் சிந்தக்கூடும். இறுகிய கையுடைய ஆடை அணிய வேண்டும். தும்மும்போதும் பேசும்போதும் எச்சில் தெறிக்காதிருக்க வாயை மூடிக்கட்ட வேண்டும். நெற்றி வியர்வை சொட்டாதிருக்க வெண்துணி கட்ட வேண்டும். முன்கை மயிர் மாவில் உதிராதிருக்க அதை மழித்திருக்க வேண்டும். பகலில் பிசைந்தால் ஈ ஓட்ட ஒருவன் அருகே நிற்க வேண்டும். சமையற்காரர்கள் பாத்திரங்களை வெந்நீரால் கழுவி ஈயும் பூச்சியும் அண்டாமல் மூடி வைப்பதும் அவர் விதித்ததே.

முன்கை மயிரையும் பொருட்படுத்திய அந்தப் பெரியார், 2017-இல் உலகெங்கும் பரவிய ஒரு காட்சியைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நுஸ்ரத் கோக்சே என்னும் துருக்கி நாட்டு இறைச்சி விடுதிக்காரர், கையை நாகம்போல் வளைத்து உப்பைத் தூவ, அது அவரது வெறும் முன்கையில் பட்டு உருண்டு இறைச்சியின் மேல் விழுகிறது. கோடிக்கணக்கானோர் அதைக் கண்டு களித்தனர். சிறு பிள்ளைகள்கூட அதை நடித்துக் காட்டினர். உப்பு இறைச்சிக்குச் செல்ல நேர்வழி இருக்கையில் அது ஏன் கை வழியே சுற்றிவர வேண்டும்?

தூய்மையே திரையில் வருவதில்லை என்று சொன்னாலும் பொருந்தாது. அழுக்கு வருகிறது, மிக விரிவாகவே வருகிறது. கார்டன் ராம்ஸேயின் ‘கிச்சன் நைட்மேர்ஸ்’ நிகழ்ச்சி 2004-இல் இங்கிலாந்திலும் 2007-இல் அமெரிக்காவிலும் தொடங்கியது. நலிந்த உணவகங்களுக்குள் அவர் நுழைகிறார்; குளிர்பெட்டியைத் திறக்கிறார்; பூசணம் பூத்த பண்டத்தையும், பச்சை இறைச்சியும் வெந்த இறைச்சியும் ஒன்றாய்க் கிடப்பதையும் வெளியே இழுத்துப் போடுகிறார்; குமட்டுகிறார்; உரிமையாளரை ஊரறிய ஏசுகிறார். அவர் சொல்லும் குற்றங்கள் பெரும்பாலும் உண்மையான குற்றங்களே. பச்சையும் வெந்ததும் கலக்கலாகாது என்ற பாடத்தை அவர் அளவுக்கு உரக்கச் சொன்னவர் வேறொருவர் இலர். ஆனால் ஒரு மனிதனின் மானம் அங்கே விலைபோகிறது. முஹ்தஸிபுக்குரிய முதற் பண்புகளாக ஷைஸரீ கூறுவது மென்மை, இன்சொல், மலர்ந்த முகம் ஆகியவற்றை. கண்டிக்கும் அதிகாரம் கையில் உள்ளவனுக்கே அவர் அதை வலியுறுத்துகிறார். அந்நூலின் முஹ்தஸிபு சந்தையை விட்டு நீங்கும்போது கடைக்காரன் திருந்தியிருக்க வேண்டும். ராம்ஸே நீங்கும்போது பார்வையாளர் கிளர்ந்திருந்தால் போதும்.

நம் வீடுகளையும் ஒரு சொல் பேசியாக வேண்டும். கோழியை மஞ்சளிட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் சட்டியில் இடுவது நம்மவர்க்கு அருவருப்பு. மேனாட்டு அதிகாரிகளோ கழுவாதீர் என்கின்றனர். பிரிட்டனின் உணவுத்தர முகமை 2014-இல் இதற்கென்றே பிரசாரம் நடத்தியது. கழுவும் நீர் தெறித்துக் கேம்பிலோபாக்டர் கிருமி சுற்றிலும் பரவும் என்பது அவர்கள் வாதம். 2019-இல் அமெரிக்க வேளாண்துறை வெளியிட்ட ஆய்வில், தீங்கற்ற நுண்ணுயிரைக் கோழியில் அடையாளமாகப் பூசிச் சோதித்தனர். கோழியைக் கழுவியவர்களுள் 60 விழுக்காட்டினரின் தொட்டியில் அது காணப்பட்டது. தொட்டியைத் துலக்கிய பின்னும் 14 விழுக்காட்டில் எஞ்சியிருந்தது. இதைக் கேட்டு நம் தாய்மார்கள் சினங்கொள்ள வேண்டாம். அடுத்த கணக்கையும் கேளுங்கள். கழுவியவர்களுள் 26 விழுக்காட்டினரின் பச்சைக் கீரையில் அந்நுண்ணுயிர் ஏறியது. கோழியைக் கழுவாதவர்களிலோ 31 விழுக்காடு! கோழியை விட்டுவிட்டவர்கள் தம் கையையும் சரிவரக் கழுவவில்லை என்பதே காரணம். இரத்தம் சொட்டச் சந்தையிலிருந்து வரும் இறைச்சியை நாம் கழுவத்தான் செய்வோம். மெல்லிய நீரில், மற்றப் பாத்திரங்களை அகற்றிவிட்டு, பின் தொட்டியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுவது வரை அது ஒரே வேலை என்று கொள்ள வேண்டும். திரையில் வரும் கோழிச் சமையல் எதுவும் இந்த வேலையை முழுதாகக் காட்டி நாம் கண்டதில்லை.

கழுவுவதில் காட்சி இல்லை என்பது தயாரிப்பாளரின் முடிவு. அதை நாம் ஏற்கவில்லை. கடற்கரை ஊர்களின் கல்யாண விருந்தில், சஹன் வருவதற்கு முன் இளைஞர் ஒருவர் செம்பும் ஏந்து பாத்திரமுமாக வரிசையில் வந்து, முதியவர் கையில் நீர் வார்க்கிறாரே, அதைவிட அழகிய காட்சி விருந்தில் வேறென்ன உண்டு? குனிந்து வார்ப்பவரின் பணிவும், நீட்டிய கையின் நிதானமும் படம் பிடிக்கத் தகாதவையா? நல்ல படப்பிடிப்பாளர் ஒருவர் கையில் கிடைத்தால் அந்த அரை நிமிடம் கேக்கின் பூ வேலைக்குச் சற்றும் குறையாது.

முன்னோர் இதை உணர்ந்தே இருந்தனர். ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226-இல் பக்தாதில் முஹம்மது இப்னுல் ஹஸன் எழுதிய ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூல், பண்டங்களுக்குப் போகுமுன் சமைப்பவரின் நகத்தைப் பற்றிப் பேசுகிறது. பிறகு சட்டியைப் பற்றிப் பேசுகிறது. முதலில் நுண்ணிய செங்கல் பொடியால் துலக்க வேண்டுமாம். அடுத்து உஷ்னான் என்னும் உவர்ப்பூண்டுப் பொடியும் குங்குமப்பூவும் கொண்டு தேய்க்க வேண்டுமாம். கடைசியில் பசிய கடாரநாரத்தை இலையால் கழுவி எடுக்க வேண்டுமாம்.