ஈற்றடியும் முதலடியும்: சிறுகதைப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

சிறுகதை எழுதுதல் பயிற்சியாற் கைவருவதா, அன்றி உள்ளுந்துதலால் தானே பிறப்பதா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுப்பப்படுவதொன்றாகும். பெரும்பாலும் இவ்வினா இரண்டாவது கட்சிக்குச் சார்பாகவே விடுக்கப்படுகின்றது. உந்துதல் வந்தபோது எழுதுபவனே எழுத்தாளன். பிறர் கொடுத்த சொல்லையோ படத்தையோ வைத்துக்கொண்டு, குறித்த நாளிற் குறித்த நேரத்தில் எழுதுபவன் வெறுங் கைவினைஞனே என்பது அக்கட்சியின் சாரம். இதன் விளைவை நாம் அறிவோம். பல்கலைக்கழகத்திற் பயிலுங் காலத்தில் ஆண்டு மலருக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என இரண்டு மூன்று நல்ல கதைகளைத் தந்தோர் பலர், பட்டம் பெற்றதும் பேனாவை மூடிவைத்து விடுகின்றனர். அவர்களிடம் உந்துதல் வற்றிவிட்டது என்பதைவிட, உந்துதல் வரும்வரை காத்திராது எழுதும் வழக்கம் அவர்களிடம் வேரூன்றவில்லை என்பதே பொருந்தும்.

கொடுத்ததைக் கொண்டு படைத்தல் தமிழுக்குப் புதிதன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை நிறைவு செய்யுமாறு கேட்கும் சமஸ்யை மரபு நமக்கு நன்கு பழக்கமானது. காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்கள் சில இவ்வாறு பிறந்தவை என்றே கூறப்படுகின்றன. அங்கே முடிவு முன்னரே தெரியும். அம்முடிவை எவரும் எதிர்பாராத வழியிற் சென்றடைவதே புலமை. வெண்பாவுக்கு அது அழகு. ஆயின் சிறுகதையின் முடிவு பாத்திரங்களின் இயல்பிலிருந்தும் சூழலிலிருந்தும் விளையவேண்டியது. முடிவை முதலிலே கொடுத்துவிட்டால், பாத்திரங்கள் அதனை நோக்கி இழுத்துச் செல்லப்படும் பாவைகளாகிவிடுவர்.

நமது சிறுகதைப் போட்டிகளிற் கொடுக்கப்படும் தலைப்புக்கள் பல இத்தகைய ஈற்றடிகளே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். ‘தியாகம்’, ‘விடிவு’, ‘சமத்துவம்’ என்பன தலைப்புக்கள் போலத் தோன்றினும், உண்மையில் அவை தீர்ப்புக்கள். ‘தியாகம்’ என்று கேட்டால் இறுதிப் பந்தியில் ஒருவர் தம்மை இழந்தே ஆகவேண்டும். எழுதுபவர் தாம் கண்டதை நினைவு கூராமல், நடுவர் விரும்புவதை ஊகிக்கத் தொடங்குகிறார். இக்குறை போட்டிக்கு மட்டும் உரியதன்று. 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழிவந்த சிறந்த படைப்பாளிகள் சாதியையும் நிலத்தையும் தோட்டத்து வாழ்வையும் கதையின் பொருளாக்கினர். அது பெரும் பேறு. ஆயின் அவர்களைப் பின்பற்றியோர் சிலர் அவர்தம் பார்வையைக் கொள்ளாது, முடிவை மட்டும் கடன் வாங்கினர். எழுச்சியும் ஈற்றடியாகிவிட்டது.

ஆகவே, கொடுத்த தூண்டலைக் கொண்டு எழுதலாமா என்பது இங்கு முக்கியமான வினாவன்று. எத்தகைய தூண்டல் முடிவைத் திணிக்கிறது, எத்தகையது தொடக்கத்தை மட்டும் தருகிறது என்பதே ஆராயத்தக்கது. இது தொடர்பாகப் பிறநாட்டார் மூவரின் அனுபவம் நமக்குப் பயன்படும்.

முதலாமவர் அன்ரன் செக்கோவ். 1879 முதல் 1884 வரை மொஸ்கோவில் மருத்துவ மாணவராயிருந்தபோதே குடும்பச் செலவுக்காக எழுதியவர் அவர். லெய்க்கின் என்பார் நடத்திய நகைச்சுவை வார இதழுக்கு ஏறத்தாழ நூறு வரிகளுக்குள் அடங்கும் கதைகளைத் தொடர்ந்து அனுப்பினார். எவ்வாறு கதை எழுதுகிறீர்கள் என்னும் பேச்சு எழுந்தபோது, மேசைமீது கைக்கெட்டிய சாம்பற் கிண்ணத்தை எடுத்துக் காட்டி, வேண்டுமாயின் நாளையே அதன் பெயரில் ஒரு கதை தருவேன் என்று அவர் கூறியதாக எழுத்தாளர் கொரொலென்கோ தம் நினைவுக் குறிப்பிற் பதிவு செய்துள்ளார். சாம்பற் கிண்ணம் எந்த நீதியையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. யார் புகைத்தார், யார் துடைத்தார் என்று வினாவ மட்டுமே செய்கிறது.

இரண்டாமவர் அமெரிக்க எழுத்தாளர் றே பிராட்பரி. இளமையில் அவர் தம் மனத்தில் எழுந்த பெயர்ச்சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைப்பாராம். ஏரி, சாடி, கூட்டம் என்று நீண்ட அப்பட்டியலில் ஏதேனுமொரு சொல்லைப் பற்றிக்கொண்டு எழுதத் தொடங்குவார். 1942 இல் ‘ஏரி’ என்னும் சொல் சிறுவயதில் நீரில் மூழ்கி மறைந்த ஒரு சிறுமியின் நினைவைக் கிளறியது. அதுவே தமது முதல் உண்மையான கதை என அவர் கருதினார். அதற்கு முன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் நாள்தோறும் எழுதியவர் என்பது கவனிக்கத்தக்கது. திங்களன்று முதல் வரைவு, தொடர்ந்து ஒவ்வொரு நாளும் ஒரு திருத்தம், சனியன்று நண்பகலில் இறுதிப்படி அஞ்சலில் என்பது அவருடைய வாரமாயிற்று. சொல் கதவைத் தட்டியது, திறந்துவிட்டது பழக்கமே.

மூன்றாமவர் இத்தாலியச் சிறுவர் இலக்கிய ஆசிரியர் ஜியானி றொடாரி. 1972 இல் றெஜ்ஜோ எமிலியா நகர ஆசிரியர்களுடன் நடத்திய உரையாடல்களின் பயனாக, கற்பனையின் இலக்கணம் பற்றிய நூலொன்றை 1973 இல் வெளியிட்டார். தொடர்பற்ற இரு சொற்களை அருகருகே வைத்தலே அவர் முறை. நாய், குதிரை என்றால் இரண்டும் விலங்கு, மனம் உறங்கும். நாய், அலுமாரி என்றால் மனம் விழித்துக்கொள்ளும். முன்னிடைச் சொற்களை மாற்றி மாற்றி இவ்விரண்டையும் அவர் இணைத்துக் காட்டுகிறார். தமிழில் அப்பணியை வேற்றுமை உருபுகளே செய்யும். அலுமாரிக்குள் நாய், நாயினது அலுமாரி, அலுமாரியோடு நாய் என உருபு மாறுந்தோறும் வேறொரு கதை முளைக்கக் காணலாம். பரீட்சைக்காக நாம் மனனஞ் செய்யும் வேற்றுமைப் பகுதி ஒரு கற்பனைக் கருவியுமாகும்.

இம்மூவரும் கையாண்டவை பருப்பொருட் பெயர்களே. நம் சூழலில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். ‘இடப்பெயர்வு’ என்று தலைப்புக் கொடுத்தால், 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையோ, 1995 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்ததையோ பற்றிய பொதுவான அவலச் சித்திரமே பெரும்பாலும் கிடைக்கும். ‘திறப்பு’ என்னும் ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். பூட்டிய வீட்டின் திறப்பைச் சேலைத்தலைப்பில் முடிந்து சென்றவள் எவள்? வீடு இடிந்தபின்னும் அதனை ஏன் எறியவில்லை? இவ்வினாக்களுக்கு ஆயத்த விடை இல்லை. படலை, துலா, கூப்பன், லயம், கிடுகு என நம்மைச் சூழ்ந்த சொற்கள் யாவும் இவ்வாறு வினவக் காத்திருக்கின்றன. சமூக நோக்குக் கொண்ட எழுத்துக்கு இப்பயிற்சி பகையன்று. சமூகம் பொருள்களிலும் கைகளிலுமே வாழ்கிறது, சுலோகங்களில் அன்று.

இனி, இதற்குரிய எல்லையையும் கூறவேண்டும். வாரந்தோறும் எழுதுதல் வேகத்தைத் தரும். அவ்வேகமே ஆபத்தாகவும் முடியும். 1886 இல் மூத்த எழுத்தாளர் கிறிகொரோவிச், அவசர எழுத்தைக் கைவிட்டுத் தம் ஆற்றலை மதிக்குமாறு செக்கோவுக்குக் கடிதம் எழுதினார். செக்கோவ் அதனை ஏற்றார். 1888 இல் ‘ஸ்தெப்பி’ என்னும் நெடுங்கதை வெளிவந்தது. ஆயினும் முந்திய ஆண்டுகளின் ஓயாத பழக்கம் இல்லாதிருந்தால் அவ்வறிவுரை எதன்மீது விழுந்து முளைத்திருக்கும்? பயிற்சிக் கதைகள் யாவும் அச்சேற வேண்டியவை அல்ல. முதற் சில கதைகளில் பிறரிடம் கேட்டவை வெளியேறுகின்றன. அவை தீர்ந்த பின்னரே நம்முடையது வரத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஒரு கதை எழுதுபவர் அக்கட்டத்தை அடையுமுன் பட்டம் பெற்றுவிடுகிறார்.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுப் போட்டியைக் கைவிட வேண்டுமென்பதன்று. அதனோடு வாரப் பயிற்சியொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். உறுப்பினர் எழுதிப்போட்ட பெயர்ச்சொற்களிலிருந்து இரண்டை எடுத்து, ஒரு மணி நேரம் எழுதி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுதல் போதும். பரிசும் நடுவரும் அங்கே வேண்டாம். மாத முடிவில் ஒவ்வொருவரும் தம் எழுத்துக்களுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து மீண்டும் மீண்டும் திருத்தட்டும். இவ்வழக்கம் வேரூன்றின், பட்டமளிப்பு விழாவுக்குப் பின்னரும் அவர்களுட் சிலரேனும் எழுதிக்கொண்டிருப்பர். முதலடியை எவரும் கொடுக்கலாம். ஈற்றடி எழுதுபவருக்கே உரியது.