தாமிரபரணிக் கரைச் சபைகளில் புதிய ஆராதனை இசை: ஒரு திறனாய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடனாநதி பாயும் நிலத்தில் அமைந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. அடியார்கள் பாடிப் பரவிய பக்தி மரபை அவ்வூர் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அதைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களின் கிறிஸ்தவ சபைகளும் பாடும் சபைகளே. அறுப்பின் பண்டிகை, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம், மார்கழிப் பஜனை, கன்வென்ஷன் கூட்டங்கள் என ஆண்டு முழுவதும் அவை பாடிக்கொண்டே இருக்கின்றன. ஆயினும் அண்மை ஆண்டுகளில் இப்பண்டிகைகளில் கலந்துகொண்ட எவரும் ஒரு மாற்றத்தைக் காணாதிருக்க இயலாது. உபதேசியாரோ பாடற்குழுவோ பாடலைத் தொடங்கிவைத்த இடத்தில் இன்று ‘ஒர்ஷிப் லீடர்’ என்றழைக்கப்படும் ஆராதனை நடத்துநர் நிற்கிறார். ஆர்மோனியம் இருந்த இடத்திற்குக் கீபோர்டும், பாட்டுப் புத்தகம் இருந்த இடத்திற்கு ஒளித்திரையும் வந்துவிட்டன.

இம்மாற்றத்தை ஆயர் சிலர் வரவேற்கின்றனர், சிலர் வெறுக்கின்றனர், பெரும்பாலோர் வாளாவிருக்கின்றனர். மூன்றினுள்ளும் வாளாவிருத்தலே தீங்கு மிக்கது என்பது நம் கருத்து. ஏனெனில் வழிபாட்டின் ஒரு பாதியை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, மறுபாதியாகிய அருளுரைக்கு மட்டும் பொறுப்பேற்பது ஆயர் பணியாகாது. எனவே இக்கட்டுரையில் நாம் ஒரே வினாவை எழுப்ப விழைகிறோம்: இந்த இசையில் பாடுவது யார்?

1. பழையதும் ஒருகாலத்தில் புதியதே

புதிய பாடல்களைக் குறைகூறுவோர் பொதுவாகக் கீர்த்தனைகளைத் தம் பக்கம் சான்றாக நிறுத்துவர். கீர்த்தனையின் வரலாறோ அவர்கள் எண்ணுவது போல் அவ்வளவு எளிதானதன்று.

திருநெல்வேலித் திருச்சபையின் முதற் பதிவேடு 1780இல் பாளையங்கோட்டையில் 40 பேருடன் தொடங்கிற்று. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1774இல், திருநெல்வேலியிற் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு வளர்ந்த இவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியபோது கையாண்ட வடிவம் திருச்சபைக்குள் பிறந்ததன்று. அது அரசவையும் கோயிலும் பொதுமக்களும் அறிந்த குறவஞ்சி. திருக்குற்றாலக் குறவஞ்சியால் அவ்வடிவத்திற்குப் பெரும்புகழ் சேர்த்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், தென்காசியை அடுத்த ஊரினர். தம் காலத்து மக்கள் விரும்பிக் கேட்ட இசையையே சாஸ்திரியார் நற்செய்திக்கு ஊர்தியாக்கினார் என்பது தெளிவு.

அவ்விசைக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் சிலருடன் சாஸ்திரியார் கடுமையாக மோதினார். தம் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் என்று அவர் முறையிட்டவற்றுள் ஆலயத்தில் தமிழ்ப் பாடலைத் தடுத்ததும் ஒன்று. பின்னாளில் நிலைமை மாறிற்று. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்று கீர்த்தனையே ‘மரபு’ எனப் போற்றப்படுகிறது.

எனினும் இவ்வரலாற்றில் நாம் எளிதாய்க் கடந்து செல்லலாகாத மற்றொரு செய்தி உண்டு. சாஸ்திரியார் கொடுமை என்று எண்ணிய மற்றொன்று, சபையில் சாதி வேறுபாட்டை நீக்குமாறு மிஷனரிமார் வற்புறுத்தியதாகும். தமிழிசைக்காக வழக்காடிய அதே நாவே சாதி ஒழுங்குக்காகவும் வழக்காடிற்று. ஆகவே இசை நம் மண்ணுக்குரியது என்பதனாலேயே அது சபை முழுவதற்கும் உரியதாகிவிடாது. புதிய இசையை எடைபோட வருவோர் முதலில் இத்தராசைத் தம் பழைய இசையின்மீது வைத்துப் பார்த்தல் நேர்மையாகும்.

இப்பகுதி இசையறிவுக்கு ஏழையாயிருந்ததுமில்லை. வைணவக் குடியில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), தாம் கற்ற பக்தித் தமிழை விட்டுவிடாமல் இரட்சணிய யாத்திரிகத்திலும் இரட்சணிய மனோகரத்திலும் கிறிஸ்துவின் அடியில் வைத்தார். தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலால் தமிழிசை ஆராய்ச்சிக்கே அடிப்படை இட்டார். அவர் கீர்த்தனைகளும் இயற்றியவர். இத்தகையோரைத் தந்த மண்ணில் வழிபாட்டிசை பற்றிய சிந்தனை இன்று இத்துணை மெலிந்திருப்பது நம்மை வருந்தச் செய்கிறது.

2. ஒரே உலை

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிந்தனையை வலிமையுடன் மீட்டெடுத்தவர் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) எனலாம். மாணவரும் சிற்றூர் மக்களும் அவரைப் ‘பரட்டை அண்ணன்’ என்றே அழைத்தனர். கர்நாடக இசையைச் சார்ந்த கீர்த்தனை, கற்றோர் மொழியையும் உயர்சாதியினர் சுவையையும் சபைமீது ஏற்றுகிறது என அவர் குற்றஞ்சாட்டினார். நாட்டார் இசையையோ பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதனால் அது ஒடுக்கப்பட்டோரின் கருவியாகும் என்பது அவர் துணிபு. பாமரன் பேசும் தமிழிலேயே வழிபாட்டு முறையொன்றை அவர் இசையமைத்துத் தந்தார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்பதே அவர் இறையியலின் நடுப்பொருள்.

அப்பாவுவின் கருத்தில் நாம் முழுவதும் உடன்படுகிறோம் என்று சொல்வதற்கில்லை. பறையைச் சாவு வீட்டுக் கட்டாயத் தொழிலின் அடையாளமாகக் கண்ட சபைகள் அதைக் கோயிலுக்குள் ஏற்கத் தயங்கியதுண்டு. இழிவின் நினைவைச் சுமந்த கருவியை விடுதலையின் கருவியென்று பிறர் அறிவித்துவிட இயலாது. மேலும், தலைமுறை தலைமுறையாகக் கீர்த்தனையை மனப்பாடமாகப் பாடிவந்த எழுத்தறியாத தாய்மாரையும் நாம் மறந்துவிடலாகாது. பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால், சரணத்தை அறியாதவரும் அதில் கலந்துகொண்டனர். எனினும் அவர் கற்பித்த அளவுகோல் நிலைத்து நிற்கிறது. ஓர் இசையைச் சபை தன் கையில் எடுத்து மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று அவர் கேட்டார். இன்றைய ஆராதனை இசையையும் நாம் அவ்வாறே கேட்போமாக.

3. புதிய இசையின் நிறையும் குறையும்

1971இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மரநாதா இசை நிறுவனமும், பின்னர் சிட்னியின் ஹில்சாங் சபையும் உலகெங்கும் பரப்பிய முறையையே இன்றைய ஆராதனை இசை பெரிதும் பின்பற்றுகிறது. நிறுத்தாமல் தொடரும் பாடல் வரிசை, மெல்ல உயரும் உணர்ச்சி, முன்னின்று நடத்தும் ஒருவர் ஆகியவை அம்முறையின் கூறுகள். தமிழில் இதற்கு முன்னரே நற்செய்திக் கூட்டங்கள் பாதை அமைத்திருந்தன. சுரண்டையில் 1935இல் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன் அவர்களின் கூட்டங்களில் பாடல் செய்தியோடு பிரிக்க முடியாததாயிருந்தது. தந்தை எஸ்.ஜே. பெர்க்மான்ஸ் அவர்களின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பல தொகுதிகளாக வெளிவந்து, சபைப்பிரிவு எல்லைகளைக் கடந்து, நம் ஆலயங்களிலும் குடிபுகுந்தன.

இவற்றால் விளைந்த நன்மையை மறைப்பது முறையன்று. எளிய தமிழ் வழிபாட்டுக்குள் வந்தது. ஆலயத்தின் பின்வரிசையில் நின்ற வாலிபர் முன்னே வந்தனர். இராகம் கற்க வாய்ப்பற்றோரும் ஒருமுறை கேட்டுப் பாட முடிந்தது. இறைவனை நேருக்குநேர் விளித்துப் பேசும் துணிவு சபைக்கு உண்டாயிற்று. இவை சிறியன அல்ல.

குறைகள் நான்கினைச் சுட்டுவோம். முதலாவது சுருதி. பயிற்சி பெற்ற ஆண் குரலுக்காக ஒலிப்பதிவான பாடலை அதே சுருதியில் எடுத்தால், வயலில் உழைத்துவிட்டு வந்த ஆண்களுக்கு உச்சம் எட்டாது. பெண்களுக்கோ கீழ்ஸ்தாயியில் மிகத் தாழ்வு, மேல்ஸ்தாயியில் மிக உயர்வு. மூன்றாம் அடியில் சபை ஓய்ந்துவிடுகிறது. நடத்துநர் அதைக் கவனியாமல், கண்களை மூடிப் பாடிக்கொண்டே போகிறார். இது பக்திக் குறைவினால் அன்று, இரண்டு கட்டை இறக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் குறையே.

இரண்டாவது, பாடலின் சொல். ‘நான்’, ‘என்’, ‘எனக்கு’ என்பவை மிகுந்து ‘நாம்’ அருகிவிட்டது. சங்கீதங்களிலும் ‘நான்’ உண்டென்பர், உண்மையே. ஆனால் அந்த ‘நான்’ புலம்புகிறது, பகைவரால் நெருக்கப்படுகிறது, பாவத்தை அறிக்கையிடுகிறது, நீதிக்காக முறையிடுகிறது. நம் புதிய பாடல்களின் ‘நான்’ பெரும்பாலும் ஆசீர்வாதத்தைப் பெறுகிறது. பயிர் கருகிய ஆண்டிலும், பீடிச் சுற்றிக் கடனடைக்கும் வீட்டிலும், இளம் மகனை அடக்கம் செய்த வாரத்திலும் சபை பாடுவதற்கு என்ன உண்டு?

மூன்றாவது, வழிபாட்டின் ஒழுங்கு. அரைமணி நேரப் பாடல் வரிசையே ‘ஆராதனை’ என்று பெயர் பெற்றுவிட்டமையால், பாவ அறிக்கையும் திருமறை வாசிப்பும் மன்றாட்டும் திருவிருந்தும் ஆராதனைக்குப் புறம்பானவை போல் தோன்றத் தொடங்கியுள்ளன. லெந்து நாள்களிலும் உயிர்த்தெழுதல் ஞாயிறன்றும் ஒரே வரிசை பாடப்படுகிறது.

நான்காவது, ஒலி. நீதியற்ற பண்டிகைகளின் பாட்டிரைச்சலை இறைவன் அகற்றச் சொன்னதை ஆமோஸ் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. நாம் இங்குச் சுட்டுவது அதனினும் எளியது. ஒலிபெருக்கியின் வலிமையால் தன் அயலான் பாடுவதைக் கேட்க முடியாத சபை, தான் பாடுவதையும் விரைவில் நிறுத்திவிடும். ஜான் வெஸ்லி 1761இல் தம் பாட்டுத் தொகுப்பில் சேர்த்த நெறிகளுள், எவரும் பிறர் குரலுக்கு மேலாகத் தம் குரல் கேட்கும்படி கூவாமல் அடக்கத்தோடு பாட வேண்டும் என்பது ஒன்று.

4. பந்தலில் கேட்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஆழ்வார்குறிச்சிக்கு அண்மையிலுள்ள சிற்றூர்ச் சபையொன்றின் பண்டிகையில் நாம் கலந்துகொண்டோம். மாலை ஆராதனையை நடத்த வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் வந்திருந்தனர். திறமையான வாலிபர், அவர்தம் பக்தியிலும் நமக்கு ஐயமில்லை. பாடல் உச்சத்தை எட்டிய வேளையில் மின்சாரம் நின்றது. கீபோர்டு அடங்கிற்று, திரை இருண்டது. சபையில் ஒருவரும் பாடவில்லை. ஏறத்தாழ நானூறு பேர் இருளில் ஓசையின்றி நின்றனர். ஜெனரேட்டர் இயங்கியதும் நடத்துநர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நடந்தது இன்னதென்று எவரும் பேசவில்லை.

அன்றிரவு அசனத்திற்காகப் பந்தலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெண்களிடையே நாம் சற்று அமர்ந்திருந்தோம். வெங்காயம் உரித்தபடி ஒருவர் பாடத் தொடங்கினார். கீர்த்தனையாயிருக்கும் என்று எதிர்பார்த்தோம், அன்று. மாலையில் மேடையில் பாடப்பட்ட அதே புதிய பாடல்! ஆனால் சுருதி இறங்கியிருந்தது. தாளம் மெதுவாகி, கைத்தட்டலுக்கு இசைந்திருந்தது. நினைவில்லாத அடிகளை விட்டுவிட்டனர். ஓரிடத்தில் ‘என்னை’ என்பது ‘எங்களை’ என்றாகியிருந்தது. அதை மாற்றியவர் யாரென்று அவர்களுக்கே தெரியாது. கேட்டபோது சிரித்தார்கள். மறுநாள் அந்த உலையிலிருந்து ஊரார் அனைவரும் சாதி வரிசையின்றி உண்டனர்.

இந்நிகழ்ச்சி நம் முன்முடிவு ஒன்றைக் கலைத்தது. குறை பாடலிடத்தில் என்று நாமும் எண்ணியிருந்தோம். மேடையில் சபையை ஊமையாக்கிய பாடலே பந்தலில் சபையின் பாடலாயிற்று என்றால், வேறுபாடு நடத்தும் முறையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அப்பாவு நாட்டார் இசைக்குரியது என்று சொன்ன அந்த மாற்றும் உரிமையை, அப்பெண்கள் எவரிடமும் கேளாமல் புதிய இசையின்மீதும் செலுத்தினார்கள்.

5. ஆயரின் பொறுப்பு

1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் வரங்களைப் பழிக்கவில்லை. கல்லாதவன் ‘ஆமென்’ சொல்ல இயலுமா என்பதே அவருடைய கவலை. பாடல் நடத்துதலுக்கும் அதுவே அளவை. நடத்துநர் சபைக்கு மாற்றாக இறைவன்முன் பாடுபவர் அல்லர். சபையின் வாயைத் திறந்துவைத்து, பின்னர் ஒதுங்கிக்கொள்பவர் அவர். தான் பாடாமல் சபை பாடுவதைக் கேட்கும் நேரம் அவர் பணியில் இல்லையாயின், அவர் கச்சேரி செய்கிறாரேயன்றி வழிபாடு நடத்தவில்லை.

ஆகவே சேகரங்களில் பணிபுரியும் ஆயர்களுக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம். பாடல்களை ஆயரும் நடத்துநரும் அந்நாளின் திருமறைப் பகுதியை வைத்துக்கொண்டு கூடித் தெரிந்தெடுக்க வேண்டும். சுருதியை மேடையில் உள்ளவர் அல்ல, பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் பாடிப் பார்த்து உறுதி செய்யட்டும். ஒவ்வொரு வழிபாட்டிலும் ஒரு கீர்த்தனை, ஒரு பாமாலை, ஒரு புதிய பாடல் இருப்பின், மூன்று தலைமுறையும் ஒருவர் பாடலை மற்றவர் கற்கும். புலம்பலுக்கும் மன்றாட்டுக்கும் புதிய பாடல்களை இயற்ற நம் வாலிபரை ஊக்குவிப்போமாக. ஆராதனை நடத்தும் வாலிபரைப் பழிக்காமல், அவர்களை வேதபாட வகுப்பிற்கு அழைத்து, அவர்கள் பணியைத் திருச்சபையின் திருப்பணியாக ஏற்று ஆசீர்வதிப்போமாக. இறையியல் மாணவர்களும் மறையுரைக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியையேனும் பாடலைத் தெரிவதில் செலவிடப் பழகுதல் நலம்.

இவையெல்லாம் அரிதாகத் தோன்றுமாயின், வரும் பண்டிகையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். ஏதேனும் ஒரு பாடலின் கடைசிச் சரணத்தில் ஒலிபெருக்கியை நாமே நிறுத்திவிடுவோம். அப்போது கேட்பது எதுவோ, அதுவே நம் சபையின் பாடல்.