மூலையிலிருந்து ஓர் அணுகல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பைபாஸில் ஒரு கார் எரிகிறது என்றால், கூட்டம் நேர் எதிரே நின்று பார்க்கும். தீயணைப்பு வீரர் அங்கே நிற்கமாட்டார்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, வண்டியின் மூலையை நோக்கிச் சாய்வாக நெருங்குவார். அந்தக் கோணத்தில்தான் தீயணைக்கும் கலையின் அழகு இருக்கிறது. சூடேறினால் பம்பருக்குள் இருக்கும் அதிர்வுதாங்கிகள் வெடித்து முன்னும் பின்னும் பாயலாம். டயர் பக்கவாட்டில் வெடிக்கலாம். மூலைதான் இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் வழி.

தூரத்திலிருந்தே தண்ணீர் பாய்ச்சிச் சூட்டைத் தணித்து, நெருங்க நெருங்கப் பூந்தூறலாக விரிப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். பானெட்டைச் சட்டென்று திறப்பதில்லை. காற்று புகுந்தால் தீ சீறும். சீட்டும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை நஞ்சு என்பதால், திறந்தவெளியிலும் சுவாசக் கருவி அவசியம். பெட்ரோல் வழிந்தோடினால் நுரை.

2022 மார்ச்சில் சென்னை மஞ்சம்பாக்கத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் சாலையோரம் எரிந்தது. லித்தியம் பேட்டரி அணைந்ததுபோல் இருந்து மறுபடியும் பற்றும். அதனால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்த பிறகும் நெடுநேரம் காவல் இருக்க வேண்டும்.

1944 ஏப்ரல் 14 பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களை நினைத்து, ஆண்டுதோறும் அதே நாளில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வண்டி எரிவதைப் பார்த்தால், விலகி நின்று 101-ஐ அழையுங்கள். பெட்ரோலா, கேஸா, பேட்டரியா என்பதையும் சொல்லுங்கள்.