விழுந்த காட்சிகள்

2009 ஏப்ரலில் யூடியூபில் ஏறிய ‘இன்ஸ்பையர்ட் பைசைக்கிள்ஸ்’ காணொளியை இந்தத் தலைமுறை சைக்கிள்காரர்களில் பார்க்காதவர்கள் குறைவு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சைக்கிள் கடை மெக்கானிக்காக இருந்த டேனி மக்கஸ்கில் ஓட்டுகிறார். கூடத் தங்கியிருந்த நண்பர் டேவ் சவர்பி படம் பிடித்திருக்கிறார். ஐந்தரை நிமிடம்தான். சுவர், படிக்கட்டு, மரம் என்று நகரத்தில் இருக்கும் எதையும் அவர் பாதையாக்கிவிடுகிறார். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த இரும்பு வேலியைச் சொல்வார்கள். மேலே கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் வேலியின் மீது சைக்கிளில் போகிற காட்சி அது. ஆனால் அந்தக் காணொளி அந்தச் சாகசத்தில் தொடங்கவில்லை. அதே வேலியிலிருந்து அவர் விழுவதில் தொடங்குகிறது.

இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கற்றுக்கொள்வதைப் பற்றிய படைப்புகளில் விழுந்த காட்சிகளுக்கு என்ன நடக்கிறது? அவற்றை வெட்டி எறிந்தால் பார்க்கிறவனுக்கு என்ன ஆகிறது? இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு கேள்விகள்தான்.

டிரையல்ஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் வேகமாகப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாறை, மரக்கட்டை, குழாய் என்று வரிசையாக வைக்கப்பட்ட தடைகளைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பெயினின் காத்தலோனியாவில் மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் வீரராக இருந்த பெரே பீ, தன் மகன் ஓட் பீ சின்ன வயதிலேயே அந்த நுட்பங்களைப் பழக வேண்டும் என்று சைக்கிளில் ஆரம்பித்து வைத்தது இது. பழைய விதிப்படி கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டனை. ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் ஐந்து. புள்ளி குறைவாக வாங்கியவர் ஜெயித்தவர். அதாவது, இந்த விளையாட்டு எண்ணுவதே தயக்கத்தைத்தான். எத்தனை தடவை உன் கால் உன்னை நம்பாமல் தரையைத் தேடியது என்பதுதான் உன் கணக்கு.

நான் தளியில் இருக்கிறேன். ஓசூரிலிருந்து தெற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டு நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் இதை ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று சொன்னார்களாம். இப்போது பசுமைக்குடில்களும் ரோஜாவும். தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கருங்கல் பஞ்சமே கிடையாது. டிரையல்ஸ் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது என்பது ஒன்றுதான் குறை. பகலில் கோடு எழுதுகிறேன், அதாவது புரோகிராம். சாயங்காலம் கல் மேல் ஏறுகிறேன். ஆசிரியர் யூடியூப்.

நின்ற இடத்தில் சமநிலை பிடிப்பது வந்தது. பின்சக்கரத்தில் நின்று குதிப்பது நான்கு மாதத்தில் வந்தது. நின்றது தாவலில். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் பின்சக்கரத்திலேயே தாவ வேண்டும். செய்முறை எளிது: பிரேக்கை விடு, பெடலை ஒரு மிதி மிதி, காற்றில் இரு, இறங்கும்போது பிரேக்கைப் பிடி. என் விரல் என்ன செய்யும் தெரியுமா? மிதிக்கிற அதே கணத்தில் பிரேக்கை இறுக்கும். வேகம் பாதியில் செத்துவிடும். சைக்கிள் இரண்டு கல்லுக்கும் நடுவே விழும்.

இந்த இடத்தில்தான் டிரையல்ஸ் மற்ற பயங்களிலிருந்து வேறுபடுகிறது. பயந்து கீழேயே நின்றால் ஆபத்து இல்லை. முழுதாக மிதித்தால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. பாதி மிதித்தால்தான் அடி நிச்சயம். விழுவோமோ என்கிற பயமே விழ வைக்கிறது. விழுந்ததும் ‘பார்த்தாயா, நான் சொன்னேனே’ என்கிறது. அடுத்த தடவை விரல் இன்னும் சீக்கிரம் இறுக்கும்.

இதற்கு நம்மிடம் ஒரு ரெடிமேட் மருந்து இருக்கிறது. ‘மனசு வெச்சா முடியும்.’ புத்தகக் கண்காட்சியில் அடுக்கடுக்காகக் கிடைக்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்களிலும், சினிமாவில் பின்னணி இசை ஏற ஏற நாயகன் கண்ணைத் திறக்கிற காட்சியிலும் இதே மருந்துதான். பயம் ஒரு கதவு, துணிச்சல் ஒரு உதை, அவ்வளவுதான் கதை. கல் மேல் நின்று இதை முயன்று பாருங்கள். மனசு முழுக்க வைத்தாகிவிட்டது. விரலுக்கு அந்தச் செய்தி போகவில்லை.

மக்கஸ்கில்லின் பிற்காலப் படங்களும் இதற்கு உதவவில்லை. 2014இல் வந்த ‘தி ரிட்ஜ்’ படத்தில் ஸ்கை தீவின் குய்லின் மலைமுகட்டில் ஓட்டுகிறார். படகில் வந்து இறங்குகிறார், சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறுகிறார், உச்சியில் நிற்கிறார், இறங்குகிறார். ஒளிப்பதிவைப் பார்த்தால் மூச்சு நிற்கும். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பரவசம், ஒவ்வொரு தடவையும் மறுநாள் என் கல் இன்னும் உயரமாகத் தெரியும். ஏனென்றால் அந்தப் படத்தில் மலை இருக்கிறது, மனிதன் இருக்கிறான், இரண்டுக்கும் நடுவே பயிற்சி இல்லை. அழகியலாக அது சரியான முடிவாக இருக்கலாம். கற்கிறவன் அதைப் பாடமாகப் பார்த்தால், தன் தயக்கம் தன் பிறவிக் கோளாறு என்று எடுத்துக்கொள்வான். ஐந்து வருடத்துக்கு முந்தைய, மலிவான, வீட்டு நண்பன் எடுத்த காணொளி வேலியிலிருந்து விழுந்ததை வைத்திருந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு வருகிற எல்லாச் சாகசத்தையும் நம்மால் நம்ப முடிந்தது என்று நினைக்கிறேன். விழுகிறவன் என்று தெரிந்த பிறகே அவன் விழாததற்கு மதிப்பு வருகிறது.

என் முட்டுக்கட்டையை எனக்குக் காட்டியது எந்தப் படமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, தாவிப் பழகிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்: “ஏண்ணா, கோட்டுல நாலடி தாண்டுறீங்க. கல்லுல மூணடிக்கு ஏன் நிக்கிறீங்க?”

பதில் சொல்ல முடியாத கேள்வி. உடலுக்கு நான்கடி தெரியும். தெரியாதது, தவறினால் என்ன ஆகும் என்பது. தரைக்கும் கல்லுக்கும் தூரத்தில் வித்தியாசம் இல்லை, விளைவில்தான் வித்தியாசம். அப்படியானால் என் பயம் பொய் சொல்லவில்லை. கையில் இருக்கிற தகவலுக்கு அது சரியான கணக்கைத்தான் போடுகிறது. தகவலை மாற்றினால் ஒழியக் கணக்கு மாறாது.

மென்பொருளில் ஒரு பிழை வந்தால் முதலில் செய்கிற வேலை, அதைச் சுருக்குவது. ஆயிரம் வரியில் எங்கேயோ வெடிக்கிறது என்றால், அதே பிழை வருகிற மிகச் சிறிய பத்து வரியைக் கண்டுபிடிப்போம். அதையே செய்தோம். கோடுகளுக்குப் பதில் இரண்டு பலகை. அடுத்த வாரம் பலகைக்கு அடியில் ஒரு செங்கல். அப்புறம் இரண்டு. மூன்றாவது செங்கலில் விரல் இறுக்கியது. ஆக, என் பயத்தின் உயரம் மூன்று செங்கல்! ‘மனத்தடை’ என்று பூதம் மாதிரி நின்றதை அளந்து பார்த்தால் ஒன்பது அங்குலம்கூட இல்லை. இரண்டு செங்கலில் வேண்டுமென்றே பாதியில் விட்டு, பின்பக்கமாகக் கால் ஊன்றி இறங்குவதைப் பழகினேன். தாவுவதைப் பழகவில்லை, தவறுவதைப் பழகினேன். அதற்கப்புறம்தான் மூன்றாவது செங்கல் விட்டுக்கொடுத்தது. இன்றைக்கு ஒன்றரை அடி உயரத்தில் மூன்றடி தாவுகிறேன். நிஜப் பாறை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் செங்கல் வைத்தியம் நான் கண்டுபிடித்தது என்று கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ‘குரங்கு பெடல்’ ஞாபகம் வந்தது.

ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கி 2024இல் வந்த படம். எண்பதுகளின் ஒரு கோடை விடுமுறை, வாடகை சைக்கிள், அதை ஓட்டத் துடிக்கிற பையன், சைக்கிள் ஓட்டத் தெரியாத அப்பா. படத்தின் பலம், கற்றலுக்கு ஒரு விலை உண்டு என்பதை அது மறக்கவே இல்லை. வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. விழுந்து எழுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஏழைப் பையனுக்குத் தவறு செய்வதே ஆடம்பரம் என்று எந்த வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. அப்பாவை ஊர் கேலி செய்கிறதே, அதுவும் சரியான இடம். வயது வந்தவனுக்கு விழுவதைவிட, விழும்போது யார் பார்க்கிறார்கள் என்பதுதான் வலி.

என் குறை வேறு. அந்தத் தலைப்பு ஒரு நுட்பத்தின் பெயர். சீட்டுக்குக் கால் எட்டாத பிள்ளைகள், பாருக்கு அடியில் முக்கோணத்துக்குள் காலை விட்டு மிதிக்கிற முறை. முதலில் குரங்குப் பெடல், அதுவும் அரைச் சுற்று. பிறகு முழுச் சுற்று. பிறகு பார் மேல். கடைசியில் சீட். தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் எவரும் எழுதி வைக்காமலேயே நடந்த பாடத்திட்டம் இது. ‘பயப்படாதே’ என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பெரியவர்களுக்குச் செய்த சைக்கிளைப் பிள்ளைகள் தங்கள் உயரத்துக்குச் சுருக்கிக்கொண்டார்கள். செங்கல் அடுக்கியவன் நானல்ல, அவர்கள். படம் இந்த நுட்பத்தைத் தலைப்பில் வைத்துவிட்டு, கனத்தையெல்லாம் அப்பா–மகன் உறவிலும் காசுப் பிரச்சினையிலும் இறக்கிவைக்கிறது. பையனின் உடல் எப்படிக் கற்றது என்பதில் இன்னும் பத்து நிமிடம் நின்றிருக்கலாம். நம் சினிமா உறவுக்கு அழத் தயாராக இருக்கிறது. முழங்காலைப் பொறுமையாகப் பார்க்க அதற்கு இன்னும் கூச்சம்.

அந்தப் பொறுமையை நான் பார்த்தது ஒரு செய்திக்கட்டுரையில். பி. சாய்நாத்தின் 1996ஆம் வருடப் புத்தகமான ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’டில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பற்றிய பகுதி. 1991இல் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகச் சைக்கிளைச் சேர்த்தார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து சொல்லிக்கொடுக்கிற இடத்திலேயே சைக்கிளும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் ஓட்டிக் காட்டினார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அதில் உண்டு.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமானது எண்ணிக்கைகூட இல்லை, ஒரு சின்னத் தகவல். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆண்கள் சைக்கிளில் ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது, ஏனென்றால் அந்த முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். சாய்நாத் இதை வீரமாக்கவில்லை. கேலி இருந்தது, வசை இருந்தது, அதையும் எழுதுகிறார். ஆனால் அவர்கள் எப்படிப் பயத்தை ‘வென்றார்கள்’ என்று இசை ஏற்றவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள், எந்தச் சைக்கிள், எங்கே போனார்கள், என்ன சுமந்தார்கள் என்று எழுதுகிறார். பயம் எப்படிப் போனது என்பதற்கு அதைவிட நேர்மையான விளக்கம் கிடையாது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது, அது என் செங்கல்லில் இல்லாதது. அந்தப் பெண்கள் தனித்தனியாகக் கற்கவில்லை. ஒருத்தி ஓட்டினால் ஊர் அவளைப் பார்க்கும். ஊரில் பாதிப் பெண்கள் ஓட்டினால் யார் யாரைப் பார்ப்பது? பார்வையின் கனத்தை அவர்கள் தலையால் வகுத்துவிட்டார்கள். துணிச்சலைத் தனிமனிதக் குணமாக மட்டுமே எழுதுகிற நம் கதைகள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அப்பாவைக் கேலி செய்த அந்த ஊரில் அவரோடு சேர்ந்து விழ இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் அது வேறு படம்.

தமிழில் விளையாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறோம், நல்ல விஷயம். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை வாங்குகிற இடத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அது எங்களுக்கே தெரியும். நாற்பதாவது தடவை விழுந்ததற்கும் நாற்பத்தொன்றாவது தடவை விழுந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். கால் எந்தக் கோணத்தில் இருந்தது, கண் எங்கே பார்த்தது, பக்கத்தில் யார் நின்றார்கள். அந்த வித்தியாசம் ஒரு அங்குலம்தான் இருக்கும். எங்கேயோ ஒரு ஊரில், ஆசிரியர் இல்லாமல், அதே கல்லின் முன்னால் நிற்கிற ஒருவருக்கு அந்த ஒரு அங்குலம் போதும்.