கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு வைரஸ்

இன்ஃப்ளுயன்சா வைரஸ் தன் மரபுப்பொருளைச் செல்லுக்குள் இறக்க வேண்டுமானால் இரண்டு கொழுப்புச் சவ்வுகள் ஒன்றாக வேண்டும்: வைரஸைப் போர்த்தியிருக்கும் சவ்வு ஒன்று, செல்லின் சவ்வு மற்றொன்று. இவை தாமாகச் சேர்வதில்லை. நெருங்க நெருங்க, இரு பரப்புகளையும் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் எதிர்த்துத் தள்ளும். அந்த நீரை விலக்கவும் சவ்வை வளைக்கவும் ஆற்றல் வேண்டும். அதைத் தருவது வைரஸின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கில் நிற்கும் ஹீமக்ளுட்டினின் என்ற புரதம்.

பாடநூல்கள் இதைத் தயக்கமின்றிச் சொல்கின்றன. அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், பெரும்பாலும் செல்லையே ஒதுக்கிவிட்டுச் செய்த சோதனைகளில் போய் நிற்போம். வெட்டியெடுத்த புரதம், செயற்கைச் சவ்வு, கண்ணாடித் தகடு, அளந்து விட்ட அமிலம். இந்த ஆய்வுமுறை மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆனால் அது தரும் எண்களும் படங்களும் எந்த நிலைமையில் கிடைத்தவை என்ற விவரம் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சியதே வைரஸின் இயல்பாக எழுதப்படுகிறது. என் குறை அதுதான்.

முதலில் அதன் பெருமை. 1981-இல் கார்ல் மேட்லினும் உடன் உழைத்தவர்களும் நாயின் சிறுநீரகச் செல்களில் இன்ஃப்ளுயன்சா வைரஸ் நுழையும் பாதையைப் பின்தொடர்ந்தார்கள். செல் அதைச் சிறு பைக்குள் விழுங்குகிறது. எண்டோசோம் எனப்படும் அந்தப் பை உள்ளே போகப் போக அமிலமேறுகிறது. அமிலமேறுவதைத் தடுத்தால் தொற்றும் தடைபடுகிறது. அப்படியானால் வைரஸுக்குத் தேவைப்படுவது அமிலமா, எண்டோசோமில் இருக்கும் வேறு ஏதாவதா? உயிருள்ள செல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பிரித்தெடுக்க முடியாது. வைரஸையும் லிப்போசோம் என்னும் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளையும் ஒரே குழாயில் கலந்து, கரைசலின் பிஎச் அளவை 5-க்கு அருகே இறக்கியபோது விடை வந்தது. சவ்வுகள் இணைந்தன. அங்கே செல்லின் புரதம் எதுவும் இல்லை. அமிலமும் வைரஸின் சொந்தப் புரதங்களுமே போதும் என்பதை இத்தனை சுத்தமாக வேறெந்த வழியிலும் நிறுவியிருக்க முடியாது என்பேன்.

அதே 1981-இல் இயன் வில்சன், ஜான் ஸ்கெஹல், டான் வைலி மூவரும் ஹீமக்ளுட்டினினின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். புரதத்தைப் படிகமாக்க, அன்னாசித் தண்டில் கிடைக்கும் புரோமிலைன் என்ற நொதியால் அதை வைரஸ் சவ்விலிருந்து அறுத்தெடுத்தார்கள். மூன்று பிரதிகள் சேர்ந்த 13.5 நானோமீட்டர் உயரமுள்ள தூண் தெரிந்தது. செல் சவ்வில் பாயவேண்டிய இணைவுப் பெப்டைடு, தூணின் அடிப்பக்கத்தில், வைரஸ் சவ்வுக்கு அருகில் புதைந்து கிடந்தது. அமிலம் பட்ட பிறகான வடிவத்தை 1994-இல் பெர் புல்லோவும் அதே குழுவினரும் கண்டார்கள். பெப்டைடு இணைந்திருக்க வேண்டிய முனை குறைந்தது 10 நானோமீட்டர் மேலே போயிருந்தது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். 1994-இன் படிகத்தில் இணைவுப் பெப்டைடே இல்லை. படிகமாக்குவதற்காக அதை நொதியால் வெட்டிவிட்டார்கள். சவ்வுக்குள் ஊன்றி நிற்கும் வால்பகுதியும் இல்லை. தலைப்பகுதியில் பெரும்பங்கும் போய்விட்டது. சவ்வுகளைத் தொடும் இரு முனைகளும் இல்லாத ஒரு புரதத்திலிருந்து சவ்வு இணைவை ஊகித்தோம். ஊகம் சரியாகவே இருந்தது. அதை எழுதியவர்கள் எதை வெட்டினார்கள் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். பின்னால் வந்த வரைபடங்களில்தான் வெட்டிய முனைகள் வரைந்து சேர்க்கப்பட்டு, கண்ட பகுதிக்கும் ஊகித்த பகுதிக்கும் ஒரே நிறம் பூசப்பட்டது.

1993-இல் சாவேலா காரும் பீட்டர் கிம்மும் முன்வைத்த விசைச்சுருள் விளக்கத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். அழுத்திப் பூட்டிய சுருளாகப் புரதம் காத்திருக்கிறது, அமிலம் பூட்டைத் திறக்கிறது என்றார்கள். இதற்குக் கிடைத்த ஆதாரம் அருமையானது. தண்டுப்பகுதியை மட்டும் தனியே பாக்டீரியாவில் உருவாக்கினால், அமிலமே படாமல் அது இணைவுக்குப் பிந்திய வடிவத்துக்கு மடிகிறது என்று 1995-இல் தெரிந்தது. வெப்பமும் யூரியாவும்கூட அதே மாற்றத்தைத் தூண்டுகின்றன. முதல் வடிவம் தற்காலிகம், இரண்டாவதே நிலையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் சுருள் என்றதும் ஒரே பாய்ச்சல், திரும்பாத பாய்ச்சல் என்று மனம் நிரப்பிக்கொள்கிறது. 2018-இல் தனித்தனிப் புரதங்களின் அசைவை ஒளிர்சாயங்களால் பின்தொடர்ந்த ஆய்வு, அவை முதல் வடிவத்துக்கும் இடைநிலைக்கும் இடையே போய்வருவதைக் காட்டியது. 2020-இல் ஸ்கெஹல் குழுவினர் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால், தலைகள் விலகுவது தொடங்கி 15 நானோமீட்டர் நீளத்துக்கு நீண்ட தண்டு வரை படிப்படியான நிலைகளைப் பிடித்தார்கள். சுருளின் உவமை தொடக்கத்தையும் முடிவையும் விளக்குகிறது. மருந்தும் எதிர்ப்பொருளும் தலையிடக்கூடிய நடுப்பகுதியை அது மறைத்துவிட்டது.

இணைவை அளக்கும் முறைகளுக்கு வருவோம். 1980-களில் பரவிய எளிய வழி, சாயமேற்றிய வைரஸ் சவ்வு செல் சவ்வோடு கலக்கும்போது ஒளி கூடுவதைப் பார்ப்பது. ஆர்18 என்ற சாயம் நெடுநாள் கோலோச்சியது. அது சில நேரம் இணைவே நடக்காமல் ஒரு சவ்விலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், சவ்வின் வெளியடுக்குகள் மட்டும் கலந்து உள்ளடுக்குகள் பிரிந்தே நிற்கும் அரை இணைவு. அப்போதும் ஒளி கூடும். மரபுப்பொருள் வெளியேற வேண்டிய துளை மட்டும் திறக்காது. 1994-இல் ஜூடித் வைட்டின் ஆய்வுக்கூடத்தில் ஹீமக்ளுட்டினினின் வால்பகுதியை நீக்கி, வெறும் கொழுப்பு நங்கூரத்தில் அதை நிறுத்தினார்கள். கொழுப்பு கலந்தது, உள்ளிருந்த நீர்ச்சாயம் கலக்கவில்லை. படிகத்துக்காக வெட்டி எறியப்பட்ட வாலுக்கு எவ்வளவு வேலை இருந்தது என்பதை இந்த ஒரு சோதனை காட்டிவிட்டது.

கண்ணாடித் தகட்டு முறை இந்தக் குழப்பத்தை நேராக எதிர்கொண்டது. 2008-இல் ஸ்டீபன் ஹாரிசன், அன்டோயின் வான் ஓய்ஜென் குழுவினர் கண்ணாடிமேல் செயற்கைச் சவ்வைப் பரப்பி, அதில் ஒட்டிய ஒவ்வொரு வைரஸுக்கும் சவ்வில் ஒரு சாயமும் உள்ளே இன்னொன்றும் வைத்துப் பார்த்தார்கள். அமிலம் வந்த கணம், அரை இணைவு, துளை திறப்பு மூன்றும் தனித்தனியே தெரிந்தன. அரை இணைவுக்கான காத்திருப்பு நேரம் ஒரு வைரஸிலிருந்து இன்னொன்றுக்கு வேறுபட்ட விதத்திலிருந்து, ஏறத்தாழ மூன்று ஹீமக்ளுட்டினின் முப்படிகள் (மூன்று பிரதிகள் சேர்ந்த தூண்கள்) கூடி இழுக்க வேண்டும் என்று கணித்தார்கள். கோடிக்கணக்கான வைரஸ்களின் சராசரியில் ஒருபோதும் தெரிந்திருக்காத செய்தி இது. இந்தத் துறையின் மிக நேர்த்தியான சோதனைகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

ஆனால் எந்த வைரஸ்? இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது எக்ஸ்-31. 1968-இன் ஹாங்காங் ஃப்ளூ வகையின் மேற்புரதங்களையும் 1934-இல் போர்ட்டோரிக்கோவில் பிரித்தெடுத்த பழைய வகையின் உட்பொருளையும் சேர்த்து, முட்டையில் செழித்து வளர உருவாக்கியது. அது பெரும்பாலும் உருண்டையானது. நோயாளிகளிடமிருந்து நேரே எடுக்கும் வைரஸ்களில் நீண்ட இழை வடிவங்கள் ஏராளம். 2021-இல் தியானா இவானோவிச்சின் குழு, நீண்ட வைரஸ்கள் நுழைவைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களை உருண்டைகளைவிட நன்றாகத் தாங்குவதைக் காட்டியது. ஹீமக்ளுட்டினின்களில் பெரும்பகுதியை முடக்கினாலும் நீண்ட பரப்பில் வேலை செய்யக்கூடிய ஒரு கூட்டம் எங்காவது மிஞ்சிவிடுகிறது. எந்த அளவு எதிர்ப்பொருள் இணைவை நிறுத்தும் என்பதை உருண்டைகளை மட்டும் வைத்துச் சொன்னால், அது நோயாளியின் உடலுக்குப் பொருந்தும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

அமிலத்தைத் தரும் விதத்திலும் இதே இடைவெளி. தகட்டின்மேல் பிஎச் ஒரே வீச்சில் 5-க்கு இறங்குகிறது. எண்டோசோமில் அது நிமிடக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. அந்த அவகாசத்தில் வைரஸ் சவ்விலுள்ள எம்2 என்ற அயனித் தடத்தின் வழியாக அமிலமும், கூடவே பொட்டாசியமும் வைரஸுக்குள் புகுந்து, அதன் உள்கூட்டைத் தளர்த்திவைக்கின்றன. துளை திறந்தபின் மரபுப்பொருள் விடுபடுவதற்கு இந்த ஆயத்தம் வேண்டும். கண்ணாடிமேல் துளை திறப்பதோடு அளவீடு முடிகிறது. தொற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் கனமான குறை ஐஎஃப்ஐடிஎம்3. நம் செல்களின் எண்டோசோம் சவ்வில் இருக்கும் இந்தச் சிறு புரதம் இன்ஃப்ளுயன்சாவைத் தடுப்பதை 2009-இல், உயிருள்ள மனிதச் செல்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்த தேடலில் கண்டுபிடித்தார்கள். செயற்கைச் சவ்வை எத்தனை ஆண்டு உற்றுப் பார்த்தாலும் இது அகப்பட்டிருக்காது; அங்கே அது இல்லவே இல்லை. வைரஸுக்கு எதிரே நிற்கும் சவ்வைச் செயலற்ற கொழுப்புப் பரப்பாக நினைத்துப் பழகியிருந்தோம். அது எதிர்த்து நிற்கும் சவ்வு.

ஆயினும் ஐஎஃப்ஐடிஎம்3 என்ன செய்கிறது என்று 2014-இல் விளக்க முடிந்ததற்குக் காரணம் பழைய எளிய சோதனைகளே. கொழுப்பு கலக்கிறது, துளை திறக்கவில்லை என்று செல்லுக்குள் பார்த்தவுடன், அது அரை இணைவில் முடக்கப்பட்ட வைரஸ் என்று அடையாளம் காண முடிந்தது. தகட்டில் அந்த நிலையை முன்பே அறிந்திராவிட்டால் செல்லில் கண்டது வெறும் குழப்பமாக நின்றிருக்கும். 2012-இல் யோஷிஹிரோ கவாவோகாவின் குழு வீசல் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரட்டுகளிடையே காற்றில் பரவும், பறவைக் காய்ச்சல் வகையான எச்5 வைரஸை ஆராய்ந்தபோதும் இப்படித்தான். பரவலுக்குத் தேவைப்பட்ட மாற்றங்களில் ஒன்று ஹீமக்ளுட்டினினை அமிலத்துக்கு எளிதில் இளகாதபடி உறுதியாக்கியிருந்தது. இணைவு தொடங்கும் பிஎச் என்ற குழாய்ச் சோதனை எண், ஒரு பறவை வைரஸ் மனிதரிடம் பரவுமா என்பதை எடைபோடும் அளவுகோல்களில் ஒன்றாகிவிட்டது.

அப்படிப்பட்ட எண்ணை வெளியிடும்போது கூடவே நான்கு விவரங்கள் கட்டாயம் வேண்டும்: வைரஸ் முட்டையில் வளர்ந்ததா மனிதச் செல்லிலா, உருண்டையா இழையா, எதிர்ச் சவ்வில் கொலஸ்ட்ரால் எத்தனை பங்கு, அமிலம் எத்தனை வினாடியில் இறங்கியது. கொலஸ்ட்ராலின் அளவு மாறினாலே அரை இணைவின் வடிவம் மாறுவதை 2016-இல் உறைநிலைப் படங்கள் காட்டிவிட்டன. ரஷ்யாவிலும் சீனாவிலும் ஃப்ளூவுக்குத் தரப்படும் உமிஃபெனோவிர், ஹீமக்ளுட்டினின் தண்டில் புகுந்து அதை விரியவிடாமல் பிடிக்கும் மருந்து. இனி வரும் இத்தகைய மருந்து ஒவ்வொன்றையும் எக்ஸ்-31 உருண்டைகளோடு நிறுத்தாமல், நோயாளியிடமிருந்து எடுத்த இழை வைரஸ்களிலும், ஐஎஃப்ஐடிஎம்3 உள்ள மூச்சுக்குழாய்ச் செல்களிலும் சோதித்த பிறகே அதன் வீரியத்தை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும்.