பனியும் மடலும்: வடபுல ஊழியரின் கிறிஸ்துமஸ் மடல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

டிசம்பர்த் திங்களில் நம் சபைகளில் தவறாது வாசிக்கப்படும் எழுத்து வகை ஒன்று உண்டு. அது வடநாட்டு ஊழியர் எழுதியனுப்பும் கிறிஸ்துமஸ் மடல். பிரசங்கத்தையும் கீர்த்தனையையும் ஆராயும் நாம் இம்மடலை மட்டும் கண்ணீரோடு கேட்டு, காணிக்கையோடு மறந்துவிடுகிறோம். சபையின் மனத்தை உருவாக்கும் எழுத்து எதுவாயினும் அது திறனாய்வுக்கு உரியதே.

சென்ற ஆண்டு மாங்காட்டில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் அத்தகைய மடல் ஒன்றை வாசித்தேன். இமயமலைச் சாரலில் பணியாற்றும் தமிழ்க் குடும்பம் ஒன்று எழுதியது அது. குழாயில் நீர் உறைந்ததும், நான்கு கம்பளி போர்த்தியும் உறக்கம் வராததும், பிள்ளைகள் ஊரை நினைத்து அழுததும் அதில் விரிவாக இருந்தன. வாசித்து முடித்ததும் முதிய அம்மையார் ஒருவர், “ஐயா, அந்த ஊர் ஜனங்க குளிருக்கு என்ன பண்றாங்க?” என்று கேட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விடை இல்லை.

அவ்வம்மையாரின் வினாவையே இம்மடல்களை அளக்கும் கோலாகக் கொள்ளலாம்.

முதலில் இவற்றின் சிறப்பைக் கூறவேண்டும். இவை அலங்காரமற்றவை, பிரிவின் துயரை மறைக்காதவை. இங்கே நாம் சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டிப் பனி என்கிறோம். அங்கே மெய்யான பனியின் நடுவில் இருப்போரோ கீதபவனியையும் மார்கழி விடியலையும் எண்ணி ஏங்குகின்றனர். நமது பஞ்சுப் பனி எவ்வளவு இரவலானது என்பதை அவர்களது மெய்ப்பனி உணர்த்துகிறது. இஃது இம்மடல்கள் அறியாமலே செய்யும் நற்பணி.

குறை யாதெனின், குளிர் தவமாக உயர்த்தப்படுவதாகும். எங்கள் ஊர்த் தலபுராணம், காமாட்சியம்மை தீயின் நடுவே ஒற்றைக் காலில் நின்று தவமியற்றியதாகக் கூறும். அம்மரபில் உடல் வருத்தத்திற்கு உரிய பொருள் உண்டு. ஆனால் மனுவுருவேற்றம் தவம் அன்று, அது குடிவருதல். ஆண்டவர் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தது, வருந்திக் காட்டுவதற்காக அன்று, நம்மிடையே வாழ்வதற்காக. குளிரைத் தாங்கியதே ஊழியம் என மடல் எழுதப்படும்போது, யாருக்காகச் சென்றார்களோ அம்மக்கள் வெறும் பின்னணித் திரையாகிவிடுகின்றனர்.

திருமறை இதற்கு வேறு முன்மாதிரி தருகிறது. பவுலடியார் தம் பாடுகளைக் கொரிந்தியருக்கு அடுக்கிச் சொல்லும் நீண்ட பட்டியலில் குளிருக்கு ஒரு சொல்லே கிடைக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், மாரிகாலத்திற்கு முன் வரும்படியும் கேட்கிறார். அங்கே குளிர் ஓர் எளிய தேவை. அதைச் சுற்றி மனிதரின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. நடபடிகள் 28ஆம் அதிகாரமோ இன்னும் ஆழமானது. கப்பல் உடைந்து மழையிலும் குளிரிலும் கரையேறியவர்களுக்கு மெலித்தா தீவின் அந்நியர் தீ மூட்டினர். அப்போஸ்தலர் முதலில் அங்கே விருந்தாளி, பின்னரே ஊழியர். லூக்கா இதை எழுதாமல் விட்டிருந்தால் நம் அருட்பணியியல் எத்துணை வறியதாகியிருக்கும்!

நம் மடல்கள் ஏன் இதை விட்டுவிடுகின்றன? எழுதுவோர்மேல் மட்டும் பழி சுமத்துதல் முறையன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருடைய துணைவர்களும் இங்குள்ள வெயிலிலிருந்து எழுதிய மடல்கள், 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகிக் குளிர்நாட்டுச் சபையாரால் வாசிக்கப்பட்டன. ஆனால் அவர் தமிழரிடம் கேட்டறிந்து 1713இல் எழுதி முடித்த, தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசை பற்றிய நூல் அக்காலத்தில் அச்சேறவில்லை. ஹாலேயில் பிராங்கே அதற்கு இசையவில்லை. அது வெளிவந்தது 1867இல், நம் சென்னையில். ஊழியர் மக்களிடம் கற்றதை அனுப்பியவர்கள் கேட்க விரும்பவில்லை. அன்று நாம் மடலில் எழுதப்பட்டோம். இன்று மடலை வாசிக்கிறோம். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905 கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தோன்றியபின், அனுப்பும் சபையின் நாற்காலியில் நாமே அமர்ந்துள்ளோம். பிராங்கேயின் மேசையும் நம்மிடம் வந்துவிட்டது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அம்மையாரின் கேள்வியை அக்குடும்பத்திற்கு எழுதியனுப்பினேன். மறுமொழி வந்தது. முதல் இரவிலேயே பக்கத்து வீட்டுப் பாட்டி தம் கம்பளிக் குல்லாயைக் குழந்தையின் தலையில் மாட்டினாராம். இரும்பு அடுப்பைச் சுற்றி உட்காரவைத்து, விறகை எப்படி அடுக்குவது என்று கற்றுத் தந்தாராம். அவர் கிறிஸ்தவர் அல்லர். “இதை எழுதினால் நம் சபையார், அங்கே உங்களுக்கு என்ன குறை என்று கேட்பார்களோ என அஞ்சினேன், ஐயா” என்று அச்சகோதரர் முடித்திருந்தார். அவ்வச்சத்தை அவருக்குள் விதைத்தவர்களில் நானும் ஒருவன். மடலில் துன்பம் குறைவாயிருந்த ஆண்டுகளில் என் குரலைத் தாழ்த்தி வாசித்து அதைக் கூட்டியிருக்கிறேன்.

லாஹூல் பள்ளத்தாக்கில், கேலாங்கில், மொரேவிய மிஷனெரிமார் 1856 முதல் தங்கினர். பனி கணவாயை அடைக்க, மாதக்கணக்கில் அவ்வூர் மக்களோடு அடைபட்டு வாழ்ந்தனர். ஹைடே அம்மையாரிடம் பெண்கள் காலுறை பின்னக் கற்றனர். யேஷ்கே அம்மக்களின் மொழியைக் கற்று, 1881இல் வெளிவந்த திபெத்திய அகராதியைத் தந்தார். சபையில் சேர்ந்தோர் சிலரே. எனினும் குளிர்காலம் அவர்களுக்குப் பாடுகளின் பட்டியலாக மட்டும் அமையாமல் பள்ளிக்கூடமாகவும் அமைந்தது.

ஆகவே, போதகரே, மாணவரே, இவ்வாண்டு மடல் வரும்போது அவ்வம்மையாரின் கேள்வியோடு வாசியுங்கள். விடை இல்லையேல் எழுதிக் கேளுங்கள். காணிக்கை குறையாது என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பாட்டியின் அடுப்பைப் பற்றிய மறுமொழியை நான் மறு வாரம் மாங்காட்டில் வாசித்தேன். கேட்ட அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, அந்தப் பாட்டியின் பெயர் என்ன, ஜெபிக்க வேண்டும் என்றார்.